காதுகுத்துக்கு வந்த காய்ச்சல்

மந்தாரக்குப்பம், நெய்வேலி
ஆடி மாதம்

அன்புள்ள தங்கச்சி அன்புக்கரசிக்கு,

அண்ணன் செங்குட்டுவன் எழுதுவது. அந்தமானில் நீ, மாப்பிள்ளை சிவக்குமார், சரிதா, கைக்குழந்தை எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தை ஒரு வரியில் எழுதிவிட முடியாது. அதற்காகத்தான் இன்று செகண்ட் ஷிப்டுக்குப் போகும் முன் பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நமக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனால் நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. போன வாரம் மாப்பிள்ளைதான் எடுத்தார். “அவ போனை கையாலயே தொடமாட்டேங்குறா மச்சான். சமைக்குறா, புள்ளைக்குப் பால் குடுக்குறா, செவுத்த பாத்துகினு ஒக்காந்துக்குறா. எழுதிப் போடுங்க, படிப்பா” என்றார். அதனால் எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே. கடைசிவரை படி.

இசைப்பிரியாவைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் வந்தது. மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் வாய்ப்பாட்டை மறக்கிறாள், எழுத்து கோணிக்கொண்டு போகிறது என்றார்கள். பிறகு வீட்டில் டம்ளரைக் கீழே போட ஆரம்பித்தாள். யாரோ பின்னாலிருந்து பயமுறுத்தியதுபோல் உடம்பு ஒரு வெட்டு வெட்டும், கையில் இருப்பது விழும். ஒருநாள் டவுன்ஷிப் ரோட்டில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவள், மேடு பள்ளம் எதுவும் இல்லாத இடத்தில் அப்படியே சாய்ந்தாள். முட்டியில் ரத்தம் வந்ததற்குக்கூட அழவில்லை. “நான் உழலப்பா, யாரோ தள்னாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பயந்துவிட்டாள் என்றார்கள், மந்திரித்தோம். வடலூர் சபைக்குத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். பண்ருட்டியில் ஒரு டாக்டர் வலிப்புக்கு மாத்திரை கொடுத்தார். வெட்டு நிற்கவில்லை. வரவர அது ஒரு கணக்கு வைத்துக்கொண்டு வருவதுபோல் வந்தது. தலை முன்னால் தொங்கும், நிமிரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொங்கும். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அதற்கப்புறம்தான்.

அங்கே தலையில் ஒயர்களை ஒட்டி ஈ.ஈ.ஜி. எடுத்தார்கள். டாக்டரம்மா அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உன் அண்ணி பிரபாவதியிடம், “பாப்பாவுக்கு ஒரு வயசு ஆவறதுக்கு முன்னாடி மணல்வாரி, தட்டம்மைன்னு சொல்வாங்களே, அது வந்திருக்காம்மா?” என்று கேட்டார். இதென்ன பிள்ளை விழுவதற்கும் மணல்வாரிக்கும் சம்பந்தம் என்று எனக்குத் தோன்றியது. பிரபா, “ஏழு மாசத்துல போட்டுதுங்க. காதுகுத்து முடிஞ்சி பத்து பன்னெண்டு நாள்ல. வேப்பிலை வச்சி, தண்ணி ஊத்துனோம், நல்லா ஆய்டுச்சிங்க” என்றாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துச் சோதித்தார்கள். அதுவும் டாக்டரம்மா சந்தேகப்பட்டதையே சொன்னது. எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த அந்த மணல்வாரிக் கிருமி முழுசாகப் போகவில்லை. இவ்வளவு காலமும் பிள்ளையின் மூளைக்குள்ளேயே இருந்திருக்கிறது. அவள் ஆடினபோது, பாடினபோது, பல் விழுந்து முளைத்தபோது, எல்லா நேரமும் உள்ளே இருந்திருக்கிறது.

இந்தச் செய்தியை பிரபா உன்னிடம் போனில் சொன்னாள். அதற்கப்புறம்தான் நீ பேச்சை நிறுத்தினாய். ஏன் என்று எனக்குத் தெரியும்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர்தான் ஏதோ சொல்கிறார் என்று போட்டேன். சரிதா. “மாமா, இசைக்கு இது என்னாலதான் வந்துச்சா? அம்மா அப்பாகிட்ட சொல்லி அழுதுகினு இருந்துச்சு. நான் கேட்டுட்டேன். எனக்கு அப்போ ஒண்ணும் தெரியாது மாமா. அவள மடியில வச்சிகினுதான் இருந்தேன்.” இவ்வளவுதான். அந்தப் பிள்ளை எங்கே நின்று பேசியதோ, பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என்னால் பதில் அனுப்ப முடியவில்லை, அன்பு. அன்றைக்கு ஷிப்டில், சுரங்கத்தில் நிலக்கரி பெல்ட் ஓடுகிற இடத்தில் நின்று நாலு முறை பேசிப் பதிந்தேன். நாலையும் அழித்தேன்.

மறுபடி புதுச்சேரி போனபோது அவள் கேட்டதை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதை சரிதாவுக்குப் படித்துக் காட்டு. சுருக்கிச் சொல்லாதே, படித்துக் காட்டு.

சரிதா, மணல்வாரிக் கிருமிக்குக் காலும் கிடையாது, இறக்கையும் கிடையாது. அது ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவர் மூச்சுக்குப் போகும். இருமியவர் எழுந்து போன பிறகும் அந்த அறையின் காற்றில் கொஞ்ச நேரம் நிற்குமாம். உள்ளே போனால் நுரையீரலில் கிருமிகளைப் பிடித்துத் தின்பதற்கென்றே சில அணுக்கள் காவல் இருக்கும். இந்தக் கிருமி தேடிப் போவதே அந்தக் காவல் அணுக்களைத்தான். அவற்றின் மேலே ஒரு பிடி மாதிரி இருக்கிறது, அதில் சரியாகப் பொருந்துகிற கை இதனிடம் இருக்கிறது என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும். அந்த அணுக்கள் கழுத்தில் நெறி கட்டும் இடங்களுக்குப் போகும்போது அதுவும் கூடவே போகும். அங்கே பெருகி, ரத்தத்தில் இறங்கி, உடம்பெல்லாம் போகும். தோலில் மணலை வாரிப் போட்டதுபோல் தடிப்பு வருவது அதற்கும் பிறகுதான். ஆனால் தடிப்பு வருவதற்குச் சில நாள் முன்பே, வெறும் சளியும் கண் சிவப்புமாக இருக்கும்போதே, அது அடுத்தவருக்குப் போய்விடுகிறது.

இசையின் காதுகுத்துக்காக நீ கப்பலை விட்டு இறங்கி இங்கே வந்தபோது உனக்குக் காய்ச்சலும் சளியும் இருந்தது. கப்பல் ஆட்டத்தில் வந்தது என்று நான் சொன்னேன், உன் அம்மா சொன்னாள், கோயிலுக்கு வந்த பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? உனக்கும் அது அங்கே ஏதோ ஒரு மூச்சிலிருந்து வந்ததுதான். அந்த ஆளுக்கு வேறு யாரிடமிருந்தோ. அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனால் அது எந்த வீட்டிலும் முடியாது.

எத்தனையோ பிள்ளைகளுக்கு மணல்வாரி வந்து இறங்கிவிடுகிறது. உனக்கு இறங்கியது. ஒரு வயதுக்குள் வந்த பிள்ளைகளில் எங்கோ ஒன்றுக்கு அது மூளையின் நரம்பு அணுக்களுக்குள் போய்த் தங்கிவிடும். தங்கிய பிறகு அதன் உருவம் கொஞ்சம் கெட்டுப்போய், வெளியே வரத் தெரியாமல் போய்விடும். ஓர் அணுவிலிருந்து பக்கத்து அணுவுக்கு உள்வழியாகவே போகும். வெளியே தலை காட்டினால்தானே உடம்பு அதை அழிக்க முடியும்? அப்படியே வருஷக்கணக்காகப் போய்க்கொண்டிருக்கும். ஏன் ஒரு பிள்ளைக்கு மட்டும் இப்படி என்று கேட்டேன். “அது யாருக்கும் தெரியாதுங்க” என்று டாக்டரம்மா சொன்னார். நீ இசையை மடியில் வைத்திருந்தது அவள் மேல் இருந்த ஆசையால். மாமாவுக்கு அது மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

சரிதாவுக்குப் படிக்க வேண்டியது இதோடு சரி. இனி உனக்கு.

மருந்து இருக்கிறதா என்று நீ கேட்பாய். வெட்டைக் குறைக்க மாத்திரை கொடுக்கிறார்கள். வேறு சிலதும் கொடுத்துப் பார்க்கிறார்கள். “கொஞ்சம் தள்ளிப்போடலாம். போனதைத் திருப்ப முடியாது” என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். எவ்வளவு காலம் தள்ளும் என்று நான் கேட்கவில்லை. பிரபா கேட்டாள். பதிலை நான் எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் அக்கா, ஒன்பதாம் மாசம் போட்ட தடுப்பூசியால்தான் இப்படி ஆனது என்று தெருவெல்லாம் சொல்கிறார்கள். அது பொய். ஊசி போடும் முன்பே கிருமி உள்ளே போய்விட்டது. இன்னொரு பக்கம், ஒட்டிக்கொள்ளும் என்று பிள்ளைகளை எங்கள் வாசலில் விளையாட விடுவதில்லை. இசையிடமிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. வெளியே வரத் தெரியாத கிருமி எப்படி ஒட்டும்? சொன்னால் தலையை ஆட்டிக் கேட்கிறார்கள். மறுநாளும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

பிரபாவைப் பற்றிப் பொய் எழுத மாட்டேன். உன்மேல் கோபம் இருக்கிறது. “அவ புள்ளைய காய்ச்சலோட தூக்கிகினு வந்தா” என்று ஒருநாள் கத்தினாள். அதற்கப்புறம் உன் பெயரை எடுப்பதே இல்லை. அவளிடம் நியாயம் பேச எனக்குத் திராணி இல்லை. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் அவள்தான்.

இசை இப்போது அதிகம் பேசுவதில்லை. என்னை அப்பா என்கிறாள், சிலசமயம் பிரபாவையும் அப்பா என்கிறாள். சரிதாவின் குரலை நான் போட்டபோது அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். “சரிதாக்கா” என்றாள். குரலைக் கேட்டுச் சொன்னாளா, வாய் தானாக அசைந்ததா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் சொன்னாள்.

அன்பு, என் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது ஏதுமில்லை. உன் பிள்ளைக்கு இருக்கிறது. நம் குடும்பத்தில் ஒரு பிள்ளை படுவது போதும். சரிதாவை உன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள். அவள் கேட்டால் பதில் சொல்லு, கேட்காவிட்டாலும் சொல்லு. நீயும் கொஞ்சம் சாப்பிடு. எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அண்ணன்
செங்குட்டுவன்


மந்தாரக்குப்பம்
தை மாதம்

அன்புக்கு,

அண்ணி பிரபாவதி எழுதுகிறேன். எழுத்து நன்றாக இருக்காது. ஒரு கையால் இசையைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

நீ உன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். “நான் வரலாமாண்ணே, அண்ணி என்ன சொல்லும்” என்று மேலேயும் கீழேயும் கேட்டிருக்கிறாய். அவர் படித்துவிட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அவர் என்ன பதில் எழுதுவார்? அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையைப் பற்றி. தீபாவளிக்கு முன்னால் எழுந்து நிற்பது நின்றது. பிறகு விழுங்குவது நின்றது. இப்போது மூக்கில் டியூப் வழியாகத்தான் கஞ்சித் தண்ணீரும் பாலும். கண் திறந்தே இருக்கிறது, ஆனால் பார்ப்பதில்லை. வெட்டு குறைந்துவிட்டது. உன் அண்ணன் அதைப் பார்த்து நல்லாகி வருகிறாள் என்று நினைக்கிறார். எங்கோ வெளிநாட்டில் இதே நோயில் கிடந்த ஒரு பிள்ளை எழுந்து நடந்ததாம், போனில் தேடித் தேடிப் படித்துக் காட்டுகிறார். வெட்டு குறைந்தால் என்ன அர்த்தம் என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் உன் அண்ணனிடம் சொல்லவில்லை. ம் கொட்டிக்கொண்டு கேட்கிறேன்.

உன் அண்ணன் உனக்கு எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். காய்ச்சலோடு வந்தது உன் குற்றமில்லை. அது யாருக்கும் தெரியாது. அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். ஆனால் சரிதாவுக்கு ஊசி போட வேண்டிய காலத்தில் நீங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தீர்கள், அப்படியே விட்டுவிட்டீர்கள். அதை நீயே அன்றைக்குப் போனில் என்னிடம் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. மறந்ததாகச் சொன்னால் நீ நம்ப மாட்டாய். சரிதா மேல் எனக்கு எதுவும் இல்லை. அவள் பிள்ளை. உன்மேல்தான். இது போகுமா என்று தெரியவில்லை.

போன புதன்கிழமை டியூப் மாற்றுவதற்காக இசையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது எனக்கு நினைவில்லை. பெஞ்சு முழுக்கக் கைக்குழந்தைகள். ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகிறது. என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண், முதல் பிள்ளை போலிருக்கிறது, வெகுநேரமாக உட்கார்ந்திருந்தாள். போனில் மாமியாரிடம், “புள்ளைக்கு லேசா சளி வேற இருக்குது. கூட்டமும் கொறையல. அடுத்த வாரம் பாத்துக்குலாம், நான் வூட்டுக்கு வரேன்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். யாரென்றே தெரியாத பெண். “போவாத. ஒக்காரு” என்றேன். அவள் கோபமாகத்தான் திரும்பினாள். அப்போதுதான் என் தோளில் கிடந்த இசையைப் பார்த்தாள். தலையை, வாயை, டியூபைப் பார்த்தாள். “என்னாக்கா ஆச்சு புள்ளைக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள். “மணல்வாரி” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். சளி இருந்தால் போடலாமா என்று நர்சிடம் கேட்டாள். லேசான சளிக்கெல்லாம் தள்ளிப்போட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார்கள். அவள் பெயர் கூப்பிடும்வரை நான் அவள் கையை விடவில்லை. அவளும் விடச் சொல்லவில்லை. அந்தக் குழந்தை ஊசிக்கு வீல் என்று கத்தியது. எவ்வளவு பெரிய சத்தம், அன்பு. என் பிள்ளை அழுது எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உன் சின்னவன் ஞாபகம் வந்தது. இதுவரை அவனைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் பிறந்தபோது எனக்குப் போட்டோ அனுப்பினாய், நான் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கணக்குப் பார்த்தால் ஒன்பது மாசம் நெருங்கியிருக்கும்.

நீ வரலாமா என்று கேட்டதற்கு என் பதில் இதுதான். இப்போது வராதே. இசையிடமிருந்து உன் பிள்ளைக்கு ஒன்றும் ஒட்டாது, அதற்குச் சொல்லவில்லை. கப்பல், ரயில், கூட்டம், ஆயிரம் பேர் மூச்சு. ஊசி போடாத பிள்ளையை அதற்குள் தூக்கிக்கொண்டு வராதே. ஒன்பது மாசம் முடிந்ததும் அவனைக் கொண்டுபோய் ஊசி போடு. வரிசை நீளமாக இருந்தாலும் உட்கார்ந்திரு. மழை பெய்தாலும் போ. மாப்பிள்ளைக்கு வேலை இருந்தால் நீ மட்டும் போ. சரிதாவுக்கு விட்டதையும் கேட்டு, இப்போது போட முடியுமானால் போடு. உன் அண்ணன் சொன்னார் என்று செய்யாதே, நான் சொன்னேன் என்று செய்.

போட்டதும் சின்னவனின் கையைப் போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பு. அவன் அழுகிற சத்தத்தையும் சேர்த்து அனுப்பு. ஊசி பிடிக்கக் கொஞ்ச நாளாகுமாம், எப்போது கிளம்பலாம் என்று நர்சிடமே கேட்டுக்கொண்டு வா.

வரும்போது என்னிடம் எதுவும் பேசாதே, மன்னிப்பு கேட்காதே. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடி. இசை இருந்தாலும் வா. இல்லாவிட்டாலும் வா.

இப்படிக்கு
அண்ணி
பிரபாவதி